பெட்டியிலேயே இருந்த கட்டில்

செத்துப்போனவர்களின் சொத்துக் கணக்கை எழுதுவதுதான் என் வேலை. லெஸ்டரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 11 வருடமாக இதைத்தான் செய்துவருகிறேன். வீடு, வங்கிக் கணக்கு, பங்கு, நகை, கார், சமயத்தில் ஒரு குதிரை என்று எல்லாவற்றுக்கும் இறந்த நாளின் மதிப்பைப் போட்டு, கடனைக் கழித்து, மிச்சத்துக்கு வாரிசுரிமை வரி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இறந்த மாதம் போக ஆறு மாதத்துக்குள் வரியைக் கட்டியாக வேண்டும். தவறினால் வட்டி ஓட ஆரம்பித்துவிடும். அழுகை ஓயாத ஒரு குடும்பத்தின் முன்னால் உட்கார்ந்து இந்த வட்டியைப் பற்றிப் பேசுவது எனக்கு இன்றுவரை பழகவில்லை.

கால்க் அபி என்ற மாளிகையின் கதையையும் அலுவலகத்தில்தான் முதலில் கேட்டேன். ஓய்வுபெறும் வயதில் இருந்த மூத்த வழக்கறிஞர் ஒருவர், "நாளுக்கு 1,500 பவுண்டு வட்டி ஏறிய வீடு ஒன்று இங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது, போய்ப் பார்" என்றார். போய்ப் பார்த்தேன். அப்புறம் வருடத்துக்கு இரண்டு தடவையாவது போகாமல் இருந்ததில்லை. போன அக்டோபரில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

டெர்பிஷயரின் தென் ஓரத்தில், டிக்னால் என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது அந்த வீடு. வாயிலைத் தாண்டி உள்ளே போனாலும் உடனே கண்ணில் படாது. வழியெல்லாம் மேய்ச்சல் நிலமும் ஓக் மரங்களும்தான். அவற்றில் ஒன்றுக்கு 1,000 வயதுக்கு மேல் ஆகிறது என்கிறார்கள். 'கால்க்கின் கிழவர்' என்றே அதற்குப் பெயர். அம்மா அதைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு பள்ளத்துக்குள் இறங்கும்போதுதான் வீடு முழுதாகத் தெரிகிறது. மூன்று மாடி, சாம்பல் பூத்த கல். சுற்றியுள்ள மேடுகளுக்கு நடுவே ஒளிந்துகொண்ட மாதிரி உட்கார்ந்திருக்கும்.

பெயர்தான் அபி, அதாவது மடாலயம். பெரிய மடாலயம் எதுவும் எந்தக் காலத்திலும் அங்கே இருந்ததில்லை. 12ஆம் நூற்றாண்டில் அகஸ்தீனியத் துறவிகளின் சின்ன மடம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது நிலம் தனியார் கைக்குப் போனது. சில கைகள் மாறி, 1622இல் ஹென்றி ஹார்ப்பர் என்பவர் 5,350 பவுண்டு கொடுத்து அதை வாங்கினார். நான்கே வருடத்தில் அவருக்குப் பரோனெட் பட்டம் கிடைத்தது. தகப்பனுக்குப் பின் மூத்த மகனுக்குப் போகும் 'சர்' பட்டம் அது. 1622இலிருந்து 1985 வரை, 363 ஆண்டுகள், அந்த வீடு விலைக்கு வரவேயில்லை.

இப்போது நாம் பார்க்கும் வீட்டை 1701 முதல் 1704 வரை கட்டியவர் நான்காவது பரோனெட் சர் ஜான். அவர் பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டவில்லை. முதலாம் எலிசபெத் காலத்துச் சுவர்களை அப்படியே உள்ளே விட்டு, அவற்றைச் சுற்றிப் புதுக் கல்லைப் போர்த்திவிட்டார். எதையும் தூக்கிப் போடாத இந்தக் குடும்பத்தின் குணம் அப்போதே ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

குத்தகைப் பணம்தான் பிரதான வருமானம். டிக்னாலில் சுண்ணாம்புக் கல்லும் செங்கல் மண்ணும் உண்டு. அவற்றை ஏற்றிப் போக 1802இல் குதிரைகள் இழுக்கும் தண்டவாளப் பாதை ஒன்று போட்டார்கள். அது கால்க் வீட்டுக்குப் போகும் சாலைக்கு அடியில் சுரங்கமாகப் போகிறது. சம்பாதித்துக் கொடுத்த சுண்ணாம்பு வண்டி வீட்டுக்காரர் கண்ணில் படாமல் கீழேயே போய்விட வேண்டும். தோட்டக்காரர்களுக்கும் அதே ஏற்பாடுதான். அவர்கள் நடந்து போவதற்கென்றே தோட்டத்தில் ஒரு சுரங்க வழி இருக்கிறது. பீர் காய்ச்சும் கட்டடத்திலிருந்து வீட்டு நிலவறைக்குப் பீப்பாய் உருட்டிப்போக இன்னொன்று. அந்தச் சுரங்கத்துக்குள் நடந்து பார்த்திருக்கிறேன். ஈரச் செங்கல், தலைக்கு மேலே வளைவு, இரண்டு கையையும் நீட்டினால் சுவரில் இடிக்கும். மேலே வரவேற்பறையின் பொன் சட்டங்களைப் பார்த்ததைவிட அங்கே நின்றபோதுதான் அந்த வீடு எப்படி நடந்தது என்று எனக்குப் புரிந்தது.

இந்த வம்சத்தில் மனிதர்களைக் கண்டு ஒதுங்கும் குணம் ஒன்று ஓடியது. ஏழாவது பரோனெட் சர் ஹென்றி 1792இல் நானெட் ஹாக்கின்ஸ் என்ற பணிப்பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அக்கம்பக்கத்துப் பெரிய குடும்பங்கள் ஒதுக்கின. அவர்கள் ஒதுக்கியதற்கும் மேலாக அவரே ஒதுங்கிக்கொண்டார். வேலைக்காரர்களோடு நேரில் பேசாமல் சீட்டு எழுதி அனுப்பினார் என்று சொல்வார்கள். வீட்டுக்கு 'அபி' என்ற பெயரை 1808இல் சூட்டியவரும் அவர்தான். அதே ஆண்டு குடும்பப் பெயரோடு 'க்ரூ' என்பதையும் சேர்த்தார். முன்னோர் ஒருவர் வழியில் வரவேண்டிய பிரபுப் பட்டம் ஒன்று அதனால் திரும்பக் கிடைக்கும் என்று நம்பினார். கிடைக்கவில்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அந்தக் குணம் இரண்டு தலைமுறை தாண்டி பத்தாவது பரோனெட் சர் வான்சியிடம் முற்றிப் போயிருந்தது. 1886இல் பட்டத்துக்கு வந்து 1924இல் இறந்தவர். பறவை, பட்டாம்பூச்சி, முட்டை, சிப்பி, கல் என்று சேர்த்துக்கொண்டே போனார். பாடம் செய்த பறவைகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்தார். ஓர் அறை நிறைந்தால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறைக்குப் போனார். அவருக்கு நெருக்கம் என்று சொல்ல வேண்டுமானால், தலைமைக் காவல்காரராகவும் சேகரிப்பில் கூட்டாளியாகவும் இருந்த அகதோஸ் பெக் ஒருவர்தான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இருவரும் காட்டுக்குள் போய்விடுவார்களாம். தன் எல்லைக்குள் கார் வரக்கூடாது என்று தடை போட்டிருந்தார். வருகிறவர்கள் வாயிலிலேயே காரை விட்டுவிட்டுக் குதிரை வண்டியில் ஏற வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருந்த தன் மகள்களுக்கே கடிதம் எழுதி, ஆள் மூலம் கொடுத்தனுப்பினார்.

கடிதங்களை யாரும் எறியவில்லை. அந்தக் குடும்பத்தின் காகிதங்கள் இன்று மேட்லாக் நகரில் உள்ள டெர்பிஷயர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பேசித் தீர்த்திருந்தால் ஒரு சொல்லும் நமக்குக் கிடைத்திருக்காது.

இவ்வளவு காலம் ஒரு சொத்து சிதறாமல் எப்படி இருந்தது? என் வேலையை வைத்துச் சொன்னால், அன்பினாலோ சாமர்த்தியத்தினாலோ இல்லை, பத்திரத்தினால். இங்கிலாந்தின் நிலப்பிரபுக் குடும்பங்களில் பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினை கிடையாது. நிலமும் வீடும் தலைச்சன் மகனுக்கு. அந்த மகனும் முழு உரிமையாளன் அல்ல. 17ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே 'செட்டில்மென்ட்' என்றொரு ஏற்பாடு வழக்கத்துக்கு வந்தது. மகனுக்கு 21 வயது ஆகும். கையில் காசு இருக்காது. அப்பா ஒரு பத்திரத்தை நீட்டுவார்: இதில் கையெழுத்துப் போடு, இன்றிலிருந்து வருடத்துக்கு இவ்வளவு படிப்பணம் தருகிறேன். பத்திரத்தில் இருப்பது இதுதான்: எனக்குப் பிறகு சொத்து உனக்கு, ஆனால் நீ உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்க மட்டும்தான், உனக்குப் பின் இன்னும் பிறக்காத உன் மகனுக்கு. கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து அவன் தன் வீட்டில் ஆயுட்காலக் குடித்தனக்காரன். விற்க முடியாது, தம்பி தங்கைக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. தன் மகனுக்கு 21 வயது ஆனதும் அவனும் அதே பத்திரத்தை நீட்டுவான். இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்தார்கள். நாடு முழுக்கப் பெரிய பண்ணைகளில் இதுதான் முறை. அனுபவிப்பவருக்கே விற்கும் அதிகாரத்தைச் சட்டம் முறையாகக் கொடுத்தது 1882இல்தான்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. 1870களிலிருந்து அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கி, இங்கிலாந்தில் தானிய விலை சரிந்து, குத்தகை வருமானமும் கூடவே சரிந்தது. பின்னாலேயே வந்தது மரண வரி. 1894இல் நிதியமைச்சர் வில்லியம் ஹார்கோர்ட் கொண்டுவந்தபோது உச்ச விகிதம் 8 சதவீதம். 1919இல் அது 40. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 65. 1949இல் 80. அப்பா இறந்து, சொத்துக்கு வந்த மகனும் சில வருடத்தில் போய்விட்டால் இரண்டு சாவுக்கும் வரி. கூரையின் ஈயத் தகட்டையும் கணப்படுப்புக் கல்லையும் பிரித்து விற்றுவிட்டு வீட்டை இடித்தவர்கள் ஏராளம். 1974இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இப்படி அழிந்த வீடுகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. இடிந்த வீடுகளின் பெயர்களை ஒரு குரல் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே இருந்ததாம்.

கால்க்கில் சர் வான்சியின் ஒரே மகன் 1921இல் தகப்பனுக்கு முன்பே இறந்துவிட்டார். 1924இல் சர் வான்சியோடு பட்டம் முடிந்தது. வீடு மகள் ஹில்டாவுக்கு வந்தது. அப்பா சேர்த்த பறவைகளிலும் பட்டாம்பூச்சிகளிலும் ஒரு பகுதியை விற்றுத்தான் அவர் மரண வரியைக் கட்டினார். 1949இல் அவர் இறந்தபின் சகோதரியின் மகன் சார்லஸுக்கு வந்தது. அவரும் தனிமை விரும்பி, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1962 வரை வீட்டில் மின்சாரம் கிடையாது.

1981இல் ஒரு நாள், பூங்காவில் அகழெலிக்குப் பொறி வைத்துக்கொண்டிருந்தபோது சார்லஸ் விழுந்து இறந்தார். சொத்தை உயிரோடு இருக்கும்போதே மாற்றி வைக்கவில்லை, வரிக்கென்று எதுவும் ஒதுக்கவுமில்லை. வரி 80 லட்சம் பவுண்டு. அதைக் கட்டும்வரை நாளுக்கு 1,500 பவுண்டு வட்டி.

இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நின்றுவிடுவேன். இதைவிட எவ்வளவோ சிறிய கணக்குகளில், உயில் எழுதாமல் போனவர்களின் தம்பிகளை, தங்கைகளை என் மேசைக்கு எதிரில் பார்த்திருக்கிறேன். இறந்தவர் மேல் கோபம் வரும், அந்தக் கோபத்துக்காகவே அழுகையும் வரும். சார்லஸின் தம்பி ஹென்றிக்கு அண்ணனை அடக்கம் செய்த மறுநாள் காலையிலேயே இந்தக் கணக்கு கண்முன் நின்றிருக்கும். காலையில் எழுந்தால் 1,500. மறுநாள் எழுந்தால் இன்னொரு 1,500.

எல்லாவற்றையும் ஏலத்துக்கு விட்டு வரியைக் கட்டிவிட்டு, கையில் கணிசமான பணத்தோடு அவர் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. வரிக்குப் பதிலாக வீட்டையும் அதில் உள்ளதையும் பூங்காவையும் அரசு எடுத்துக்கொண்டு, பழைய வீடுகளையும் நிலங்களையும் மக்களுக்காகப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் கொடுக்கட்டும் என்றார். ஆனால் டிரஸ்ட் வெறும் வீட்டை வாங்கிக்கொள்ளாது. பராமரிப்புக்கான மூலதனம் கூடவே வர வேண்டும். ஒழுகும் கூரையோடு இருந்த கால்க்குக்கு அது பெரிய தொகை. பேச்சுவார்த்தை இழுத்தது. சேவ் என்ற பாரம்பரியக் காப்பு அமைப்பு ஊரறிய எழுதிப் பிரச்சாரம் செய்தது. 1977இல் மென்ட்மோர் மாளிகையை 20 லட்சம் பவுண்டுக்கு அரசு வேண்டாம் என்று சொல்லி, பொருள்கள் ஏலத்தில் 60 லட்சத்துக்கு மேல் போய் உலகெங்கும் சிதறிய அவமானம் அப்போது எல்லார் நினைவிலும் இருந்தது. அதன் விளைவாகத்தான் 1980இல் தேசியப் பாரம்பரிய நினைவு நிதி என்றே ஒன்று உருவாகியிருந்தது. கடைசியில் 1984 மார்ச்சில் நிதியமைச்சர் நைஜல் லாசன் தன் முதல் பட்ஜெட்டில், கால்க்குக்காக அந்த நிதிக்கு 45 லட்சம் பவுண்டு ஒதுக்கினார். பட்ஜெட் உரையில் ஒரு வீடு இடம்பிடித்தது. 1985இல் டிரஸ்ட் கைக்கு வந்து, 1989இல் பொதுமக்களுக்குத் திறந்தது.

லாசன் அந்த உரையை வாசித்தது மார்ச் 13. அதே வாரம்தான் சுரங்கத் தொழிலாளர்களின் ஓராண்டு வேலைநிறுத்தம் நாடு முழுதும் தொடங்கியது. கால்க்கிலிருந்து சில மைலில் இருக்கும் ஸ்வாட்லின்கோட் பக்கம் அப்போது நிலக்கரி பூமி. பணமில்லை என்று சொல்லிச் சுரங்கங்களை மூட முனைந்த அரசு, பாடம் செய்த பறவைகளுக்குப் பணம் கண்டுபிடித்தது என்று ஒருவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. நான் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். அப்படியும் அந்த 45 லட்சம் சரியாகவே செலவானது என்றுதான் நினைக்கிறேன். சுரங்கத்தை நடத்தியிருந்தாலும் கால்க்கை விட்டிருக்கக் கூடாது. ஏனென்றால் மற்ற மாளிகைகளில் பெரிய மனிதர்கள் காட்ட நினைத்தது மட்டும்தான் இருக்கிறது. கால்க்கில் அவர்கள் காட்ட நினைக்காதது எல்லாம் இருக்கிறது.

டிரஸ்டும் அதைப் புரிந்துகொண்டது. கூரையை அடைத்தார்கள், சுவர் சாயாமல் கட்டினார்கள், பூச்சியைத் தடுத்தார்கள். ஆனால் எதையும் புதுசாக்கவில்லை. உரிந்து தொங்கும் சுவர்த்தாள் உரிந்தே தொங்குகிறது. அது இன்னும் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே வேலை. ஒரு படுக்கையறையில் இரும்புக் கட்டிலைச் சுற்றி மான் தலைகள் குவிந்து கிடக்கின்றன. பழைய சமையலறையை ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு வெளியேறியவர்கள் திரும்பி வரவேயில்லை. சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது, அடுப்பு துருவேறி நிற்கிறது. அம்மா அங்கே வெகுநேரம் நின்றார். "எத்தனை பேருக்குச் சமைச்சிருப்பாங்க இங்க?" என்று கேட்டார். வீட்டுக்காரர் யார் என்று அதுவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

டிரஸ்டிடம் போன சொத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு சொத்தை 'கைமாற்ற முடியாதது' என்று அது அறிவித்துவிட்டால் அப்புறம் டிரஸ்டே நினைத்தாலும் விற்க முடியாது. அந்தக் காலத்து அப்பாக்கள் 21 வயது மகனின் கையெழுத்தை வாங்கிப் போட்ட முடிச்சு இதுதானே. ஒரு குடும்பத்துக்காகப் போட்டதை ஒரு நாட்டுக்காகப் போட்டிருக்கிறார்கள். ஹென்றிக்கு அந்த வீட்டிலேயே குடியிருக்க ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். அவர் பிறந்த குலத்தின் வீட்டில், கீழே சீட்டு வாங்கிக்கொண்டு நடக்கும் ஜனங்களின் காலடிச் சத்தம் கேட்க, அவர் குடியிருந்தார்.

கட்டிலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

1734இல் ஐந்தாவது பரோனெட், லேடி கரோலின் மேனர்ஸ் என்பவரை மணந்தார். அரசர் இரண்டாம் ஜார்ஜின் மகள் இளவரசி ஆனுக்குக் கல்யாணம் நடந்ததும் அதே ஆண்டுதான். அதில் மணப்பெண் தோழியாக நின்றவர் கரோலின். அதற்குப் பரிசாக வந்தது என்று சொல்லப்படும் ஓர் அரச கட்டிலின் பட்டுத் திரைகள் பெட்டியில் வந்து இறங்கின. சீனத்தில் பூவேலை செய்த பட்டு. பெட்டியிலேயே இருந்துவிட்டது. 250 ஆண்டு கழித்து டிரஸ்டின் ஆட்கள் வந்து பிரித்தபோது, நேற்று தறியிலிருந்து இறக்கியது போல இருந்தது நிறம். அந்தக் காலத்து அரச கட்டில்கள் வேறு வீடுகளிலும் இருக்கின்றன. வெயில் பட்டு, புகை பட்டு, எல்லாம் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டன.

இப்போது அது தனி அறையில், கண்ணாடிக்குப் பின்னால், மங்கலான விளக்கில் நிற்கிறது. நாங்கள் போன அன்று அங்கே ஒரு வயதான தன்னார்வலர் இருந்தார். அம்மா கண்ணாடியை ஒட்டிப் போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "மடிப்பு விட்டுப் போகலையா?"

பட்டுப்புடவை வைத்திருப்பவர்கள் கேட்கிற கேள்வி அது. பீரோவில் ஒரே மடிப்பில் வருடக்கணக்காக வைத்தால் மடித்த இடத்தில் பட்டு கிழியும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து, நிழலில் ஆறப்போட்டு, மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். தன்னார்வலர் உடனே பதில் சொல்லவில்லை. இதுவரை யாரும் தன்னிடம் இதைக் கேட்டதில்லை என்றார். அப்புறம் சின்ன டார்ச் விளக்கு ஒன்றை எடுத்து, கண்ணாடி வழியாகத் திரையில் ஓரிடத்தைக் காட்டினார். பூவேலையில் ஒரு மரம். அதன் கணுக்களில் இழை வேறு மாதிரி மின்னியது. பக்கத்திலேயே ஒரு பட்டாம்பூச்சி, அதன் இறக்கையிலும் அதே மினுக்கம். "அது நூல் இல்லை" என்றார் அவர்.

"மயிற்பீலி" என்றார் அம்மா, நான் சொல்வதற்கு முன்னாலேயே.

பீலியை இழையாகச் சுருட்டித் தைத்திருக்கிறார்கள். எந்த ஊரில், யார் கை, எத்தனை மாதம் குனிந்து தைத்தது என்பதற்கு ஒரு பெயரும் இல்லை. வாங்கியவர், கொடுத்தவர், பெட்டியில் வைத்தவர், பெட்டியைப் பிரித்தவர் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது.

"இதுல ஒரு நாள்கூட யாரும் படுக்கலையா?"

"படுக்கலைம்மா."

தன்னார்வலர் டார்ச்சை அணைத்தார். அதிக நேரம் வெளிச்சம் படக்கூடாதாம். அறை சட்டென்று இருட்டானது போல இருந்தது. கண் பழகியபோது முதலில் உள்பக்கத்து வெள்ளைப் பட்டு தெரிந்தது. வெளிப்பக்கத்து நீலம் தெரிய இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதுவரை அம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை.